ஏற்றமும் இறக்கமும்

முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீரின் ஏற்ற இறக்கம் நின்றுவிடின், ஏரியில் மீனும் இறாலும் அருகும் என்பதைப் பழவேற்காட்டு மீனவர் நன்கறிவர். இசைக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பது நம் கருத்து.

மெல்லொலியும் வல்லொலியும் மாறிமாறி வருதலே பாட்டின் உயிர். இன்றைய ஒலிப்பதிவுகள் பலவற்றில் மெல்லொலி உயர்த்தப்படுகிறது. வல்லொலியின் உச்சி நறுக்கப்படுகிறது. யாவும் ஒரே மட்டத்தில் முழங்குகின்றன. முதலில் வியப்புத் தோன்றும். சிறிது நேரத்தில் செவி சலிக்கும். 2008இல் வெளிவந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' என்னும் ராக் இசைத்தொகுப்பு இவ்வாறு சிதைந்ததென அதன் சுவைஞர்களே முறையிட்டனர். அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் தெளிவாக ஒலித்தமை அவர்தம் குறைக்குச் சான்றாயிற்று.

இக்கேடு நமக்கும் அயலன்று. 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனிபாவின் பாடல்கள் ஒலிக்காத மணவீடு நம்மிடையே அரிது. அவற்றைப் புதுப்பிக்க முனைவோர், அக்கம்பீரக் குரலின் ஏற்றம் விளங்க அதன் இறக்கத்தையும் காத்தல் வேண்டும். ஒலியைக் கூட்டுதலும் குறைத்தலும் கேட்போர் கையில் உள்ளனவே! குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் தம் மைந்தருக்குக் கூறிய அறிவுரையைத் திருமறையில் ஓதும் நாம், இதனை எளிதில் உணர்வோம்.