கடல் கடந்து திரும்பிய விதை நெல்

இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கும் உள்ள உறவு பற்றி இப்போது வரும் செய்திகளில் பெரும்பகுதி ஏவுகணை பற்றியது. 2022-ல் பிரமோஸ் ஏவுகணைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; 2024-ல் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் புது தில்லிக்கு வந்தார். ஆனால் காவிரிப் பாசன விவசாயிக்குப் பிலிப்பைன்ஸ் பழக்கமானது நாற்றங்காலில்தான். அந்த உறவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது.

போனதும் வந்ததும்

மணிலாவுக்கு அருகே லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-ல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1966-ல் ஐ.ஆர்.8 வெளியாயிற்று. இந்தோனேசியாவின் பீட்டா ரகத்தையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் இணைத்துப் பிறந்த நெல் அது. தழைச்சத்து கூடுதலாக இட்டாலும் பயிர் சாயவில்லை. மகசூல் வியக்கத்தக்கதாக இருந்தது. ஆனால் அரிசி மோட்டா; சோறு பலருக்குப் பிடிக்கவில்லை; பூச்சி, நோய்க்கும் எளிதில் இடம் கொடுத்தது.

அந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்க்க 1969-ல் வந்தது ஐ.ஆர்.20. சன்ன அரிசி, தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் பயிர். தஞ்சைத் தரணியில் சம்பா, தாளடிப் பட்டங்களில் அது விரைவில் வேரூன்றியது.

பூச்சியைத் தாங்கும் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6 என்ற நெல்லிலிருந்து! அந்த நெல்லின் பெற்றோரில் ஒன்று கிச்சிலிச் சம்பா என்று விவசாயிகள் அறிந்த ஜி.இ.பி.24, 1921-ல் கோவையிலிருந்து வெளியான ரகம். புகுந்த வீடு போன பெண் பிள்ளையோடு பிறந்த வீடு வந்தது போல, தமிழ்நாட்டு நெல் கடல் கடந்து போய், புது வாரிசோடு திரும்பி வந்தது. கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதே நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்ததும் இந்த உறவின் ஒரு பகுதியே.

வியாபாரம் வேறு, விதை வேறு

அரிசி வியாபாரம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அக்டோபரில் பிலிப்பைன்சுக்கு 2,95,000 டன் அனுப்ப விலக்கு அளித்தது. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. தின்னும் அரிசி தின்பதோடு தீர்ந்து போகிறது. விதையோ வந்த இடத்தில் பெருகி, அடுத்த ரகத்துக்கும் தாயாகிறது. எனவே இரு நாடுகளும் பேசும்போது விதைப் பரிமாற்றத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

வீரிய ரகங்கள் வந்ததால்தான் பழைய ரகங்கள் அழிந்தன என்று குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் கதவைச் சாத்துவதன்று. வீட்டில் உள்ளதைக் காப்பது. வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்குவது டெல்டாவுக்குப் புதிதன்று. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும் குணம் ஒரிசாவின் பழைய நெல் ஒன்றில் இருந்தது. அதற்குரிய மரபணுவை லாஸ் பானோஸ் நிலையத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் கண்டறிந்து 2006-ல் வெளியிட்டனர். அந்தக் குணத்தைச் சேர்த்த சி.ஆர்.1009 சப்-1 இன்று தமிழ்நாட்டு வயல்களில் இருக்கிறது. அந்தப் பழைய நெல்லை யாரும் வைத்திருக்கவில்லை என்றால் இந்த ரகம் பிறந்திருக்குமா?

செய்ய வேண்டியது

முதலாவது, திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா போன்ற முயற்சிகளுக்கு அரசு நிலையான உதவி அளிக்க வேண்டும். பழைய ரகத்தைப் பயிரிடும் விவசாயிக்கு மகசூல் குறைந்தால் அந்த நஷ்டத்தை அவர் மட்டும் சுமப்பது நியாயமன்று.

இரண்டாவது, விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் இடாமல் விற்கவும் 2001-ம் ஆண்டுச் சட்டத்தின் 39-வது பிரிவு விவசாயிக்கு உரிமை தருகிறது. எந்த நாட்டுடன் எந்த ஒப்பந்தம் செய்தாலும் அந்த உரிமையில் கை வைக்கக் கூடாது. ஏற்கெனவே உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாத தொழில் இது. ஆண்டுதோறும் விதைக்கும் காசு கொடு என்றால் சிறு விவசாயி என்ன செய்வார்?

மூன்றாவது, வெளிநாடு செல்லும் ஒவ்வொரு ரகத்துக்கும் அது எந்த வட்டாரத்து விவசாயிகள் காத்த நெல் என்ற பதிவும், அதனால் வரும் பலனில் அவர்களுக்குப் பங்கும் இருக்க வேண்டும். கிச்சிலிச் சம்பாவை வயலில் காத்த உழவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த முறையும் அப்படி நேரக் கூடாது.