பெண்ணுக்குப் பெண் பகையா?

'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்னும் தொடர் நம்மிடையே பழமொழிக்குரிய மதிப்பைப் பெற்றுவிட்டது. பட்டிமன்றங்கள் அதனைத் தலைப்பாக்கிக் கைத்தட்டல் பெறுகின்றன. தொலைக்காட்சித் தொடர்கள் அதனையே முதலாக வைத்து வாணிகம் நடத்துகின்றன. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் அது புகுந்து, பன்னிரண்டு வயது மாணவியைத் தன் தாயையும் பாட்டியையும் பழிக்கும் வாதத்தை மனப்பாடம் செய்ய வைக்கின்றது. பலகாலும் சொல்லப்படுவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? இதற்கு விடை சொல்ல வல்லவை ஜொகூர் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள்.

1942 சனவரி இறுதிக்குள் ஜொகூர் முழுவதும் சப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே அவர்கள் தொடங்கிய சயாம்-பர்மா இரயில் பாதை, 415 கிலோமீட்டர் நீளத்தில் 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்கென மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர்; அவருள் பெரும்பாலார் தோட்டத் தமிழர். நல்ல கூலி என்னும் ஆசைமொழியை நம்பிச் சென்றோர் சிலர். வளைத்துப் பிடிக்கப்பட்டோர் பலர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பல்லாயிரவர் இரையாயினர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அக்கொடுமையை நமக்குக் காட்டுகின்றன.

ஆயின், ஆடவர் போனபின் லயங்களில் எஞ்சியவர் யார்? குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லாபிசிலும் கூலாயிலும் அடுப்பு அணையாமல் காத்தவர் யார்? ரப்பர் ஏற்றுமதி நின்றது, கூலி போயிற்று, அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. போனவனிடமிருந்து கடிதம் இல்லை. இறந்தவர் பட்டியலும் இல்லை. குங்குமம் இடுவதா, தாலியைக் கழற்றுவதா என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் நின்றாள் ஒருத்தி. 'வந்துவிடுவார், அழாதே' என்று அவளைத் தேற்றிய அடுத்த வீட்டுக்காரியும் அதே நிலையில் நின்றவளே அன்றோ! ஒருத்தி கிழங்கு தோண்டப் போனால் மற்றொருத்தி இருவர் பிள்ளைகளையும் காத்தாள். வெவ்வேறு ஊரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் பெண்கள், இரத்த உறவு ஏதுமின்றி ஒருவரையொருவர் அக்கா என்றும் சின்னம்மா என்றும் அழைத்தனர். அது வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருப்பின், அடுத்த தலைமுறை பிழைத்திருக்குமா?

'மாமியார் மருமகள் சண்டை இல்லையா?' என்று கேட்பர். உண்டு; மறுப்பார் இல்லை. ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒருவன் கொண்டுவரும் சிறு கூலி. இவற்றை இருவர் சார்ந்து வாழுமாறு வைத்துவிட்டு, அவர்கள் பூசலிடுவதைப் பெண்ணின் பிறவிக் குணம் என்பது எவ்வகை நீதி? அண்ணனும் தம்பியும் வரப்புக்காக வெட்டிக்கொள்கின்றனர். நூற்றுவரும் ஐவரும் நாட்டுக்காகக் குருதி சிந்தினர். அதனைக் கொண்டு 'ஆணுக்கு ஆணே எதிரி' என்று எவரேனும் பட்டிமன்றம் நடத்தியதுண்டா?

நம் இலக்கியமும் இப்பழியை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போது கண்ணகி கணவன்பால் கொண்ட கற்பைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றோம். அடைக்கலமாக ஏற்ற அவளுக்கு நேர்ந்த துயர் பொறாது தீப்புகுந்த ஆய்ச்சி மாதரியையோ இரண்டு வரியில் கடந்துவிடுகின்றோம். தோழியைத் தேடிப் புகாரிலிருந்து மதுரைக்கும், அங்கிருந்து மாதரி மகள் ஐயையுடன் சேரநாட்டுக்கும் நடந்த தேவந்தியைத் தேர்வுக்குரியவளாகக்கூட எண்ணுவதில்லை. கணவன் மனைவி உறவில் மட்டும் உறுதியைக் கண்டு, பெண்ணுக்குப் பெண் காட்டிய உறுதியைக் காணாதது காப்பியத்தின் குறையன்று, கற்பிப்போர் குறையே.

ஆகவே ஆசிரியர்கள் இத்தலைப்பை இனிப் பள்ளி மேடையில் ஏற்றாதிருத்தல் வேண்டும். அதனோடு நின்றுவிடவும் கூடாது. 1943இல் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் பழைய லயங்கள் பல மறைந்துவிட்டன. சான்று சொல்லச் சிலரே எஞ்சியுள்ளனர். மாணவர்களே, அம்மூதாட்டியர் அருகில் அமருங்கள். அவர்கள் மறைந்திருப்பின் அவர்தம் மகளிரிடம் கேளுங்கள். 'ஆண்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் உங்களுக்குச் சோறிட்டவர் யார்?' என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிவையுங்கள். எதிரியின் பெயர் அதில் எத்தனை, தோழியின் பெயர் எத்தனை என்று எண்ணிப் பார்த்தபின் மேடை ஏறுங்கள்.