பனியன் போட்டோ எடிட்டிங்: சொந்த கம்ப்யூட்டரா, கிளவுடா? திருப்பூருக்கு எது லாபம்?

திருப்பூரில் இன்று பனியனைத் தைத்தால் மட்டும் போதாது. படம் பிடித்து, பின்னணியை நீக்கி, நிறம் சரிசெய்து ஆன்லைனில் ஏற்றவும் வேண்டும். அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தின் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும் என்பது விதி.

இந்த வேலைக்கான கம்ப்யூட்டரை மாற்றும் கட்டாயம் பலருக்கும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் அதிகம் போவதால், அந்த ஆண்டின் இறுதியில் ரேம் விலையும் எகிறியது. 'புது மெஷின் எதுக்கு, கிளவுடிலேயே முடிச்சிடலாமே' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

கிளவுட் என்றால் என்ன?

திருப்பூருக்குப் புரியும்படி சொன்னால், ஜாப் ஒர்க். பவர் டேபிளைச் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனி, துணியைச் சாயப்பட்டறைக்கு வெளியே அனுப்புகிறது அல்லவா? அதுபோல இன்னொருவரின் கம்ப்யூட்டரில், வாடகை கொடுத்து வேலையை முடிப்பதுதான் கிளவுட்.

பெயரில் 'கிளவுட்' இருந்தால் எல்லாமே அங்கே நடப்பதில்லை. அடோபி கிரியேட்டிவ் கிளவுடில் சந்தா கட்டினாலும், டெஸ்க்டாப் போட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகளை உங்கள் மெஷின்தான் செய்கிறது. ஜெனரேட்டிவ் ஃபில் போன்ற சில ஏஐ வசதிகள் மட்டும் அடோபி சர்வருக்குப் போய் வருகின்றன.

இன்டர்நெட் தாங்குமா?

ஒரு நாளில் 150 மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் 8 படங்கள் என்றால் 1,200 படங்கள். ஒரு ரா ஃபைல் 25 எம்பி என்றால் மொத்தம் 30 ஜிபி. 100 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் முழுதாகக் கிடைத்தால் 40 நிமிடம் போதும். 20 எம்பிபிஎஸ் என்றால் 3 மணி 20 நிமிடம் ஆகும். எடிட் முடித்துச் சுருக்கிய படங்கள் தலா 1 எம்பி என்றால், அதே 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 8 நிமிடத்தில் போய்விடும். ஒரிஜினலை இங்கேயே வைத்து எடிட் செய்து, முடிந்ததை மட்டும் அனுப்புவது ஏன் எளிது என்பது இதிலேயே தெரியும்.

எது செலவு குறைவு?

கிளவுட் மெஷின் வாடகை மணிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டினால் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1.2 லட்சம். தினசரி வேலை உள்ளவர்களுக்குச் சொந்த மெஷின்தான் கட்டுப்படியாகும். சீசனில் 5 நாள் மட்டும் கூடுதல் வேலை என்றால் வாடகை 2,000 ரூபாய்தான். அதற்காகப் புது மெஷின் வாங்குவது வீண்.

நிறமும் கவனிக்க வேண்டிய விஷயம். கிளவுட் மெஷினின் திரை, வீடியோவாகச் சுருக்கப்பட்டே நம்மை வந்தடைகிறது. அதில் நிற விவரம் குறையலாம். படத்தில் மெரூனாகத் தெரிந்தது கையில் சிவப்பாக வந்தால் வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். நிறத்தின் இறுதி முடிவை, அளவீடு செய்த மானிட்டரில் பார்த்து எடுப்பதே நல்லது.

படம் யார் கையில்?

வெளிநாட்டு பையரின் அடுத்த சீசன் சாம்பிளைப் படம் எடுத்து, இலவசமாகப் பின்னணி நீக்கித் தரும் ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றினால், ரகசியம் காப்பதாகப் போட்ட ஒப்பந்தத்தையே மீறியதாகலாம். ஆர்டரே கையை விட்டுப் போகும் ஆபத்து இது.

கணக்கு முடங்கும் அபாயமும் உண்டு. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அரசின் அனுமதி கிடைத்ததால் கடைசி நேரத்தில் முடிவு மாறியது. சந்தா சாஃப்ட்வேர் என்றால் சொந்த மெஷினிலும் இந்தச் சிக்கல் வரும். ஆனால், ஒரிஜினல் கையில் இருந்தால் டார்க்டேபிள், ஜிம்ப் போன்ற இலவச சாஃப்ட்வேரில் வேலையைத் தொடரலாம்.

அப்படியானால் கிளவுடே வேண்டாமா? 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் நடந்த தீ விபத்தை ஊர் மறந்திருக்காது. ஒரே கட்டடத்தில் கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். வெளியே ஒரு நகல் இருக்கத்தான் வேண்டும்; அதற்குக் கிளவுட் மிகவும் பொருத்தம்.

என்ன செய்யலாம்?

தினமும் எடிட்டிங் நடக்கும் இடத்தில், பட்ஜெட்டை முதலில் ரேம், எஸ்எஸ்டி, நல்ல மானிட்டருக்கு ஒதுக்கலாம். இரவில் ஒரிஜினல்களின் நகலை, கட்டணம் கட்டிய, நம்பகமான கிளவுட் கணக்கில் ஏற்றலாம். பையர் சாம்பிள் என்றால், வெளியே ஏற்ற அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட வேண்டும். சீசன் நெருக்கடிக்கு மட்டும் கிளவுட் மெஷினை வாடகைக்கு எடுக்கலாம். மாத வாடகையும் புது மெஷினின் மாதத் தவணையும் நெருங்கி வந்தால், சொந்தமாக வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.