டிமாண்ட் எகிறும்போது ஷோரூம் ஏன் காலியாகிறது? கார் டீலர்களின் ‘ஸ்டாக் இல்லை சார்’ கணக்கு

துவரம் பருப்புக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு மொத்த வியாபாரிக்குத் தெரிந்தால் என்ன செய்வார்? நாலு மூட்டை கூடுதலாக வாங்கிப் போடுவார். நாமும் வீட்டுக்கு ரெண்டு கிலோ சேர்த்து வாங்கி வைப்போம். தட்டுப்பாடு என்றால் சேர்த்து வைப்பது, இதுதான் நமக்குப் பழகிய சந்தை விதி.

கார் விற்பனையில் இது அப்படியே தலைகீழ். 2021, 2022-ல் சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, டெஸ்ட் டிரைவ் வண்டியும் டிஸ்ப்ளே வண்டியும் தவிர பல ஷோரூம்களில் வேறு எதுவும் இல்லை. எதைக் கேட்டாலும் “ஆறு மாசம் ஆகும் சார்” என்பதுதான் பதில். “எங்கயோ பதுக்கி வெச்சிருக்காங்க, மேல காசு கொடுத்தா வண்டி வந்துடும்” என்ற பேச்சும் கூடவே ஓடியது.

என்னைக் கேட்டால், அந்தக் கோபம் பெரும்பாலும் ஆள் மாறி விழுகிறது. தட்டுப்பாட்டில் டீலர் குறைவாக ஸ்டாக் வைப்பது தந்திரம் இல்லை, சாதாரண கணக்கு. நாம் கோபப்பட வேண்டிய இடம் வேறு. அதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம்.

முதலில், அப்போ என்ன நடந்தது?

2020 ஏப்ரலில் பொதுமுடக்கத்தால் மாருதி சுஸுகி உள்நாட்டில் விற்ற கார்களின் எண்ணிக்கை பூஜ்யம். உலகம் முழுக்க இதே நிலை என்பதால், கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களை வெட்டின. அதே நேரத்தில் ஒர்க் ஃப்ரம் ஹோம் புண்ணியத்தில் லேப்டாப், போன், கேமிங் கன்சோல் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. கார் விற்பனை எதிர்பார்த்ததைவிட சீக்கிரமே மீண்டு, கம்பெனிகள் மறுபடி சிப் கேட்டு வந்தபோது, வரிசையில் அவர்கள் கடைசி.

போதாததற்கு 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடும் பனி, ஆஸ்டின் நகரத்து சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானின் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீ விபத்து. பிறகு சிப் பேக்கேஜிங் நடக்கும் மலேசியாவில் கொரோனா அலை. விளைவு, 2021 செப்டம்பரில் ஹரியானா, குஜராத் ஆலைகளில் உற்பத்தி வழக்கமான அளவில் சுமார் 40% மட்டுமே இருக்கும் என்று மாருதி முன்கூட்டியே அறிவித்தது.

டிமாண்ட் பக்கம் நேர்மாறு. 2021 அக்டோபரில் மஹிந்திரா எக்ஸ்யூவி700 புக்கிங் திறந்த 57 நிமிடத்தில் 25,000 பேர் பணம் கட்டினார்கள். 2022 ஜூலை 30-ல் ஸ்கார்ப்பியோ-என் அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் புக்கிங்கைத் தாண்டியது.

காரணம் 1: டீலர் வாங்குவதில்லை, அவருக்கு ஒதுக்குகிறார்கள்

பருப்பு வியாபாரி ஒரு மில்லில் கிடைக்காவிட்டால் இன்னொரு மில்லுக்குப் போகலாம். கார் டீலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்குச் சரக்கு வரும் வாசல் ஒன்றே ஒன்றுதான், அந்த பிராண்டின் கம்பெனி. தட்டுப்பாட்டில் யாருக்கு எத்தனை வண்டி, எந்த வேரியன்ட், எந்த மாதம் என்பதை எல்லாம் கம்பெனிதான் முடிவு செய்யும். இதைத்தான் அலாட்மென்ட் என்கிறார்கள்.

அப்படி வரும் வண்டியும் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு புக்கிங்குக்குப் போக வேண்டியது. லாரியிலிருந்து இறங்கும், பி.டி.ஐ. செக்கிங் முடியும், ரிஜிஸ்ட்ரேஷன் ஆகும், போய்விடும். யார்டில் நிற்கவே நேரம் இல்லாத வண்டியை ‘ஸ்டாக்’ என்று சொல்ல முடியாது.

காரணம் 2: நிற்கும் வண்டி வட்டி தின்னும்

நாளை காலை கம்பெனி மனசு வைத்து நூறு வண்டி அனுப்பினாலும், டீலர் ஏன் யோசிப்பார்? ஷோரூமில் நிற்கும் கார் பெரும்பாலும் அவருடைய கைக்காசில் வாங்கியது இல்லை. வங்கி அல்லது நிதி நிறுவனத்திடம் ‘இன்வென்டரி ஃபண்டிங்’ கடன் வாங்கி, கம்பெனிக்குப் பணம் கட்டி எடுத்தது. நீங்கள் வாங்கும் வரை வட்டி அவர் கணக்கில் ஓடும்.

ஒரு உதாரணம் போடுவோம். கார் விலை 10 லட்சம், வட்டி ஆண்டுக்கு 10%. ஒரு வண்டிக்கு ஒரு நாள் வட்டி சுமார் 274 ரூபாய். கேட்க சின்னதாக இருக்கும். 60 நாள் நின்றால் 16,000 ரூபாயைத் தாண்டும். நூறு வண்டி நின்றால் மாசத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். யார்டு வாடகை, இன்ஷூரன்ஸ், பேட்டரி இறங்குவது, எலி கடித்த ஒயர் எல்லாம் தனி. இந்தியாவில் புது கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் மார்ஜின் சொற்பம். ரெண்டு மாச வட்டியே அதில் பெரிய பங்கைச் சாப்பிட்டுவிடும்.

காரணம் 3: வருவது வேறு, கேட்பது வேறு

தட்டுப்பாடு எல்லா வேரியன்ட்டையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. டச் ஸ்க்ரீன், கேமரா, அடாஸ், சன்ரூஃப் என்று எலெக்ட்ரானிக்ஸ் கூடக்கூட சிப்பும் கூட வேண்டும். வாடிக்கையாளர் கேட்பது டாப் வேரியன்ட். கம்பெனியால் உடனே கொடுக்க முடிவது சில நேரம் வேறொரு வேரியன்ட், வேறொரு நிறம். சேர்த்து வைக்க ஆசைப்பட்டு அதை எல்லாம் இறக்கினால், ஓடுகிற மாடலுக்கு வரிசை நிற்கும், யார்டில் ஓடாத மாடல் நிற்கும். பருப்பு என்றால் எல்லாம் ஒரே பருப்பு. கார் அப்படி இல்லை.

காரணம் 4: நேற்றைய ஸ்டாக் நாளைக்குச் சுமை

2017 மார்ச் 29 ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது நாடு முழுக்கக் கையிருப்பில் இருந்தவை 8 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி டூ வீலர்கள். அடுத்த ரெண்டு நாளும் ஷோரூம் வாசலில் திருவிழாக் கூட்டம், தலையில் அடித்துக்கொண்டு தள்ளுபடி.

2025-ல் வேறு மாதிரி. ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15-ல் அறிவிப்பு வந்தது, அமலுக்கு வந்தது செப்டம்பர் 22-ல். நடுவில் ஐந்து வாரம், “குறையட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று வாங்குபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பண்டிகைக்காக பழைய வரியில் எடுத்து வைத்த ஸ்டாக் மேல் வட்டி ஓடியது. இழப்பீட்டு செஸ் ரத்தானதால், ஏற்கெனவே கட்டிய செஸ் தொகை டீலர்களின் கணக்கில் சிக்கிக்கொண்டது.

வழக்கமாக வரும் ஆண்டு மாற்றம் வேறு இருக்கிறது. டிசம்பரில் தயாரான கார் ஜனவரியில் ‘போன வருஷ வண்டி’ ஆகிவிடும். தட்டுப்பாடு எந்த மாதம் முடியும் என்று யாருக்கும் தெரியாது. முடிகிற நாளில் கையில் நிறைய வண்டி வைத்திருப்பவர்தான் மாட்டுவார்.

காரணம் 5: ஒளிக்காமல் சொன்னால், குறைந்த ஸ்டாக்கில் நிம்மதியும் இருக்கிறது

வண்டி குறைவு என்றால் தள்ளுபடி கொடுக்க வேண்டாம், வட்டி குறைவு, விற்றே ஆக வேண்டிய மாசக் கடைசி டென்ஷன் இல்லை. அமெரிக்காவில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2021-ல் அங்கே யார்டுகள் காலி, ஆனால் ஆட்டோநேஷன் போன்ற பெரிய டீலர் நிறுவனங்களுக்கு சாதனை லாபம். அங்கே டீலர் கம்பெனி சொன்ன விலைக்கு மேலும் விற்கலாம். அது எல்லை மீறிப் போய், 2022 தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

இங்கே எக்ஸ் ஷோரூம் விலையைக் கம்பெனி முடிவு செய்வதால் அப்படி வெளிப்படையாக ஏற்ற முடியாது. அதற்குப் பதிலாக “ஆக்சஸரி பேக் எடுத்தா சீக்கிரம் கிடைக்கும்”, “இன்ஷூரன்ஸ் நம்மகிட்டயே போட்டுக்கணும்” என்று சுற்றி வளைத்து வரும். எல்லா டீலரும் செய்வதில்லை. செய்பவர்களை நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் இது நடப்பது யார்டில் வண்டி பதுக்குவதால் அல்ல. வரிசை யாருக்கும் தெரியாது என்பதால்.

அப்போ ஸ்டாக்கே வேண்டாமா?

வேண்டும். எதை, எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு டொயோட்டா நல்ல உதாரணம். ‘தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு மட்டும்’ என்ற உற்பத்தி முறையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த கம்பெனி அது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் அடிபட்ட பிறகு, சில மாதங்களுக்குத் தேவையான சிப்களைக் கையிருப்பில் வைக்கச் சொல்லி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. அதனால்தான் 2021-ன் முதல் பாதியில் மற்றவர்களைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது. தட்டுப்பாடு நீண்டபோது அதுவும் தப்பவில்லை, செப்டம்பரில் உலகளாவிய உற்பத்தித் திட்டத்தில் 40% குறைத்தது. ஆனாலும் பாடம் பாடம்தான். காருக்குள் போகும் சின்ன சிப்பைச் சேர்த்து வைக்க ஆகும் செலவு குறைவு, எந்த மாடலுக்கும் அதைத் திருப்பிக்கொள்ள வழியும் ஓரளவு உண்டு. பத்து லட்ச ரூபாய் காரை வெயிலில் நிறுத்தி வைப்பது அப்படி இல்லை.

ஆக, தட்டுப்பாட்டுக்குத் தயாராக இருக்க வேண்டிய இடம் கம்பெனியும் சப்ளையரும்தான். தெருமுனை ஷோரூம் அல்ல.

என் கோபம் எங்கே?

ரிஸ்க் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். தட்டுப்பாடு என்றால் காத்திருப்பு நம் தலையில். தேக்கம் என்றால் வட்டி டீலர் தலையில். 2024 ஆகஸ்டில் டீலர்களிடம் 70 முதல் 75 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கிக் கிடப்பதாக ஃபாடா என்ற வாகன டீலர்கள் கூட்டமைப்பு சொன்னது. எண்ணிக்கையில் 7.8 லட்சம் வண்டி, மதிப்பில் சுமார் 77,800 கோடி ரூபாய். 10% வட்டி என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 21 கோடி. 21 நாள் ஸ்டாக் போதும் என்பது அந்தக் கூட்டமைப்பின் பரிந்துரை.

ஆனால் அந்த வண்டிகள் கம்பெனிகளின் கணக்கில் எப்போதோ ‘விற்பனை’ ஆகிவிட்டன. இந்தியாவில் மாதா மாதம் கம்பெனிகள் வெளியிடும் விற்பனை எண், பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. நீங்கள் வாங்கியதன் கணக்கு வாகன் தளத்தின் பதிவு எண்ணிக்கையில் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் யார்டில் நிற்கிறது.

புக்கிங்கிலும் அதே ஒருதலைக் கணக்கு. பணம் இன்று கட்ட வேண்டும், விலை மட்டும் டெலிவரி அன்று என்னவோ அது. எட்டு மாசம் காத்திருந்தவர் நடுவில் வந்த விலையேற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். தாமதம் அவருடைய தவறு இல்லை. உற்பத்தி எவ்வளவு என்று தெரிந்தும் புக்கிங்கை எல்லையில்லாமல் திறந்து வைப்பது கம்பெனியின் முடிவு. அந்த முடிவின் விலையைக் கம்பெனியும் கொஞ்சம் சுமக்கட்டும் என்பதுதான் என் வாதம்.

மூன்று விஷயம் கேட்கலாம். ரயில் டிக்கெட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் தெரிவதுபோல, கார் புக்கிங்குக்கும் வரிசை எண் ஆன்லைனில் தெரிய வேண்டும். சொன்ன தேதியைத் தாண்டினால் புக்கிங் அன்றைய விலையே செல்ல வேண்டும். கேன்சல் செய்தால் இத்தனை நாளில் பணம் வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாப்பாடு ஆர்டர் செய்தால் டெலிவரி பையன் எந்த சிக்னலில் நிற்கிறார் என்று காட்டும் காலத்தில், பத்து லட்சம் ரூபாய் பொருளுக்கு இதைக் காட்டுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை.

இப்போ புக் பண்ணப் போறீங்களா?

- மாடலைச் சொல்லிக் கேட்காதீர்கள். வேரியன்ட், நிறம், எரிபொருள் வரை சொல்லி வெயிட்டிங் கேளுங்கள். ஒரே காரில் ஒரு வேரியன்ட் ரெண்டு வாரம், இன்னொன்று ஆறு மாசம் இருக்கலாம்.
- புக்கிங் ரசீதில் தேதி, ரீஃபண்ட் விதி, எந்த நாள் விலை என்பது இருக்கிறதா பாருங்கள்.
- இன்ஷூரன்ஸை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், டீலரிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.
- “உடனே வண்டி இருக்கு” என்றால் தயாரிப்பு மாதம், ஆண்டு கேளுங்கள். ஆர்.சி.யில் அதுதான் ஏறும், நாளை மறுவிற்பனையிலும் அதைத்தான் பார்ப்பார்கள்.
- யார்டு நிரம்பியிருக்கும் காலத்தில் மாசக் கடைசியில் பேரம் பேசுங்கள். வட்டி யார் பக்கம் ஓடுகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சிப் தட்டுப்பாட்டோடு இது முடிந்த கதையும் இல்லை. 2025-ல் சீனா அரிய வகைக் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் நெக்ஸ்பீரியா சிப் பிரச்சினையால் ஹோண்டாவின் வட அமெரிக்க ஆலைகளில் உற்பத்தி குறைந்தது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது, காலி ஷோரூமில் நின்று சேல்ஸ் எக்ஸிகியூட்டிவிடம் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. அவரிடம் வண்டி உண்மையிலேயே இருக்காது. நம் வரிசை எண் என்ன, விலை எது என்ற கேள்வியைக் கம்பெனியிடம் கேட்போம்.