வாசல் கிழக்கு பார்த்தால் போதுமா? உங்கள் ஃபிளாட்டின் கரன்ட் பில்லை எழுதுவது சுவர்தான்!

மே மாதம், இரவு 9 மணி. பால்கனியில் நின்றால் கொஞ்சம் காற்று வருகிறது. பெட்ரூமுக்குள் வந்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. மேற்குப் பக்கச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். ஏசி போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அறை ஒரு நிலைக்கு வரும். '5 ஸ்டார் ஏசிதானே வாங்கினோம்?' என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், கேஸ் செக் பண்ணி, ஃபில்டரைக் கழுவி, சர்வீஸ் சார்ஜை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏசி மேல் தப்பில்லைங்க. பகல் முழுக்க வெயிலைக் குடித்த சுவரோடு அது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

இது உங்கள் வீட்டுப் பிரச்னை மட்டுமல்ல. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் இந்த எண் ஏறுவதற்கு ஏசி ஒரு முக்கியக் காரணம். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், 2017-18-ஓடு ஒப்பிட்டால் 2037-38-ல் நாட்டின் குளிர்விப்புத் தேவை எட்டு மடங்காகும் என்று கணக்கிட்டிருக்கிறது. இதற்கு நாம் கேட்கும் அறிவுரை எல்லாம் என்ன? ஏசியை 24 டிகிரியில் வையுங்கள், பி.எல்.டி.சி ஃபேன் மாட்டுங்கள். நல்ல விஷயம்தான். 75 வாட் ஃபேனுக்கு பதில் 30 வாட் ஃபேன் ஓடினால் மிச்சம்தான். ஆனால், அந்த ஏசி எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதை நீங்கள் குடிபோவதற்கு மூன்று வருடம் முன்பே ஒருவர் முடிவு செய்துவிட்டார். அவர் பெயர் பில்டர்.

அவர் அந்த கரன்ட் பில்லைக் கட்டப்போவதில்லை. சிக்கல் ஆரம்பிக்கும் இடமே அதுதான்.

மிவான் சுவர்... வேகம் சரி, வெப்பம்?

சென்னையின் ஓ.எம்.ஆர், பெரும்பாக்கம், போரூர் பக்கம் எழும் உயரமான அடுக்குமாடிகளைக் கவனித்திருப்பீர்கள். செங்கல் கட்டும் கொத்தனார் கூட்டத்தையே பல இடங்களில் காணோம். அலுமினியப் பலகைகளை மாட்டி, கம்பி கட்டி, சுவரையும் தளத்தையும் ஒரே நேரத்தில் கான்கிரீட்டாக ஊற்றிவிடுகிறார்கள். 'மிவான்' என்று சைட்டில் சொல்வார்கள். வேகம் அதிகம், பூச்சு வேலை குறைவு, கட்டடம் உறுதி. பில்டருக்கு நேரம்தான் காசு என்பதால் இது பரவுவதில் ஆச்சர்யமில்லை.

ஆனால் கான்கிரீட் வெப்பத்தைத் தாராளமாக உள்ளே விடும். எட்டு அங்குல ஏ.ஏ.சி பிளாக் சுவர் (தண்ணீரில் மிதக்குமே, அந்த லேசான பிளாக்) உள்ளே விடுவதைப்போல நாலு மடங்குக்கும் மேலான வெப்பத்தை ஆறு அங்குல வெறும் கான்கிரீட் சுவர் கடத்துகிறது. நம் பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கான்கிரீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெயிலை உடனே உள்ளே அனுப்பாது, சேமித்து வைத்து சில மணி நேரம் கழித்து அனுப்பும். மதியம் 3 மணி வெயில் நீங்கள் சாப்பிட்டுப் படுக்கப்போகும் நேரத்தில் பெட்ரூமுக்குள் வந்து சேர்கிறது.

அதற்காக மிவான் வீட்டையே வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வெளிப்பக்கம் வெப்பத்தடுப்பு அடுக்கு கொடுத்து, ஜன்னலுக்குச் சரியான நிழல் கொடுத்து, வெளிர் நிறம் அடித்தால் அதே கட்டடம் நன்றாகவே இருக்கும். 'அதைக் கொடுத்திருக்கிறீர்களா?' என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்னை. மாடுலர் கிச்சன் பிராண்டைக் கேட்கிறோம், லிஃப்ட் பிராண்டைக் கேட்கிறோம். சுவர் எதனால் ஆனது என்று கேட்பதில்லை.

கன்னி மூலையும் சாயங்கால வெயிலும்

நாம் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "வாசல் கிழக்கா?" தனி வீட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. கிழக்கு வாசலில் காலை வெயில் வரும், மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும். ஃபிளாட்டில் வாசல் திறப்பது காரிடாருக்கு. காரிடார் வழியாக வெயிலும் வராது, பெரும்பாலும் காற்றும் வராது. வெயிலும் காற்றும் வரும் திசையைத் தெரிந்துகொள்ள ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. வாஸ்துப்படி மாஸ்டர் பெட்ரூம் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும். மதியம் தொடங்கி சூரியன் மறையும்வரை அடி வாங்கும் மூலை அது. வாஸ்து வேண்டாம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போடச் சொல்லவில்லை. மேற்குச் சுவர் முழுக்க வார்ட்ரோப் வைக்கலாம், பாத்ரூமை அந்தப் பக்கம் தள்ளலாம், ஜன்னலைத் தெற்குச் சுவரில் வைக்கலாம். பிளான் போடும்போது யோசித்தால் செலவே இல்லாத மாற்றங்கள் இவை. கட்டி முடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தெற்கு ஜன்னல் என்றதும் சூடாக இருக்குமே என்று தோன்றும். சென்னை அட்சரேகை 13 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்துவிட்டு, ஆகஸ்ட் நடுப்பகுதிவரை கொஞ்சம் வடக்கே நிற்கும். கத்திரி வெயிலின் உச்சத்தில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவதே இல்லை. குளிர்கால மாதங்களில் விழும் வெயிலையும் இரண்டடி சன்ஷேட் பெருமளவு தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியில்லை. தாழ்வாக, நேராக முகத்தில் அடிக்கும். அதற்கு சன்ஷேட் பத்தாது. வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியோ, லூவரோ, ஆழமான பால்கனியோ வேண்டும். சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் வெயில் வெப்பத்தில் சுமார் 80 சதவிகிதத்தை உள்ளே விட்டுவிடும். உள்ளே கனமான கர்ட்டன் போட்டாலும், வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெயிலை வெளியே மறிப்பதும் உள்ளே மறைப்பதும் ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கெல்லாம் ஒரு விதி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. பெயர் கொஞ்சம் பயமுறுத்தும், விஷயம் எளிது. சுவர், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்த எண்ணுக்கு 'ஆர்.இ.டி.வி' என்று பெயர். கூரைக்குத் தனி வரம்பு.

15 வாட் என்றால் என்ன? மூலை ஃபிளாட் ஒன்றுக்கு வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி கட்டியிருந்தாலே 900 வாட் வெப்பம் உள்ளே வரும். வீட்டுக்குள் ஓர் அயர்ன் பாக்ஸ் ஓடிக்கொண்டே இருப்பதற்குச் சமம். விதியை மீறி 25 வாட் என்றால், அது 1,500 வாட். அந்தக் கூடுதல் வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குத்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாம் காசு கட்டுகிறோம்.

அதையும் கணக்குப் போடுவோம். சுவர்ச் சூட்டால் ஒரு ஏசி தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால், மணிக்கு 1.2 யூனிட் வீதம் 60 நாளில் 144 யூனிட். இரண்டு பெட்ரூமிலும் ஓடினால் 288. நம் ஊர்க் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறும். 'போன தடவையைவிட ரெண்டு மணி நேரம்தானே அதிகம் போட்டோம், பில் ஏன் இப்படி எகிறுது?' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

காற்றோட்டத்துக்கும் அந்த விதித்தொகுப்பில் வரம்பு உண்டு. சென்னை மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு கார்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 800 சதுர அடி ஃபிளாட்டுக்கு சுமார் 133 சதுர அடி. 'திறக்கக்கூடிய' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இப்போது எல்லா ஃபிளாட்டிலும் யு.பி.வி.சி ஸ்லைடிங் ஜன்னல்தான். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 20 சதுர அடி ஜன்னலில் காற்று வருவது 10 சதுர அடிக்கு. பழைய கீல் வைத்த ஜன்னல் கிட்டத்தட்ட முழுசாகத் திறக்கும். பார்க்க ஸ்டைலாக இல்லை என்று அதைக் கைவிட்டுவிட்டோம்!

2022-ல் எரிசக்தி சிக்கனச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, 100 கிலோவாட் இணைப்புச் சுமை உள்ள குடியிருப்புக் கட்டடங்களையும் இந்த வலைக்குள் கொண்டுவர வழிசெய்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறை. வீட்டுக்கு 5 கிலோவாட் என்றால் 20 வீடுகள் உள்ள அடுக்குமாடியே இந்த அளவைத் தொட்டுவிடும். ஆனால் கட்டட அனுமதி கொடுப்பது டெல்லி அல்ல. பிளான் அப்ரூவலுக்கு வரும் ஃபைலில் தீயணைப்புச் சான்றிதழை எப்படிக் கேட்கிறார்களோ, அப்படி 'ஆர்.இ.டி.வி கணக்கு எங்கே?' என்று உள்ளூர் மேசையில் ஒருவர் கேட்க வேண்டும். கேட்காதவரை விதி பி.டி.எஃப்-பாக மட்டும்தான் இருக்கும்.

சோலார் போட்டால் 'கிரீன்' ஆகிவிடுமா?

விளம்பரங்களில் 'கிரீன் ஹோம்ஸ்' என்றால் பெரும்பாலும் மொட்டை மாடியில் சோலார் பேனல் படம் இருக்கும். 20 மாடி, மாடிக்கு நாலு வீடு, மொத்தம் 80 வீடுகள். மொட்டை மாடி 4,000 சதுர அடி. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரூம் போக பாதி கிடைக்கும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால் 20 கிலோவாட். நாளுக்குச் சுமார் 80 யூனிட் உற்பத்தியாகும். வீட்டுக்கு ஒரு யூனிட்! ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடக்கூடப் பத்தாது.

சோலார் வேண்டாம் என்பதல்ல. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கு அது அருமையான விஷயம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது உபயோகத்துக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023-ல் தமிழக அரசு 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தபோது, 10 வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குத்தான் அந்தச் சலுகை கிடைத்தது. பெரிய அடுக்குமாடிக்காரர்களுக்கு சோலார் கைகொடுக்கும். ஆனால் உயரம் கூடக் கூட, கூரையால் வீடுகளைக் காப்பாற்ற முடியாது. சுவர்தான் காப்பாற்ற வேண்டும்.

'இதெல்லாம் கோடி ரூபாய் ஃபிளாட்டுக்குத்தான் சரிவரும்' என்று நினைத்தால், ராஜ்கோட்டைப் பாருங்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் அங்கே கட்டப்பட்ட 'ஸ்மார்ட் கர்-3' குடியிருப்பில் 1,176 வீடுகள். எல்லாம் எளிய மக்களுக்கானவை. இந்திய-சுவிஸ் கட்டட எரிசக்தித் திட்டத்தின் உதவியோடு வடிவமைத்தார்கள். ஏ.ஏ.சி பிளாக் சுவர், ஒரு பகுதி மட்டும் கண்ணாடியும் மீதி மறைப்புமாக ஜன்னல் கதவு, வீடுகளுக்கு நடுவே காற்றை இழுக்கும் குழல். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஏசி வாங்க முடியாத குடும்பங்களுக்கு வீடு கட்டும்போது இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நம் வாரியக் குடியிருப்புகளிலும் இதையே முதல் கேள்வியாக வைக்கலாமே?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி, ஸ்லைடிங்கை மாற்றும் வாய்ப்பு இருந்தால் கீல் ஜன்னல். கடைசி மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் பெயின்ட் அல்லது கூல் டைல்ஸ். இதில்தான் அசோசியேஷன் மீட்டிங் சூடாகும். 'டாப் ஃப்ளோருக்குத்தானே லாபம், நாங்க ஏன் காசு கொடுக்கணும்?' என்று கீழ் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். மாடி பொதுச் சொத்து, அதில் விரிசல் விட்டால் செலவும் பொது என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். தெலங்கானாவில் 2023 முதல் கூல் ரூஃப் கொள்கையே இருக்கிறது. 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளில் கட்டும் வீடுகளுக்கு அது கட்டாயம். இங்கே அப்படியொரு விதி வரும்வரை மீட்டிங்கில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. சைட் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். மாதிரி வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஜூஸ் கொடுப்பார்கள். நீங்கள் சாயங்காலம் நாலரை மணிக்குப் போங்கள். உங்களுக்கு ஒதுக்கிய யூனிட்டையே காட்டச் சொல்லி, மேற்குச் சுவரின் உள்பக்கம் கையை வையுங்கள். பிறகு ஆர்.இ.டி.வி எவ்வளவு, வெளிச்சுவர் எதனால் கட்டியது, ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரியாவிட்டால் ஆர்க்கிடெக்டிடம் கேட்டு மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அட்வான்ஸ் செக் அந்த மெயில் வந்த பிறகு போகட்டும்.