'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்': அடக்கி ஆள்பவர் உதவி தேடும்போது

மனைவியின் ஏடிஎம் அட்டை யார் பையில் இருக்கிறது? கல்லூரிக்குப் போன மகளின் கைப்பேசி அவள் இருக்கும் இடத்தை யாருக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது? இருபத்தெட்டு வயது மகன் எந்தக் காரை வாங்கலாம், எந்த நண்பனின் கல்யாணத்துக்குப் போகலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்? பல வீடுகளில் இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே ஆள்தான் பதில். அவரைக் கேட்டால் பொறுப்பு என்பார், கண்டிப்பு என்பார், பாசம் என்பார். அடக்கி வைப்பது என்ற சொல் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டுமே வாயில் வரும்.

குடும்பத்துக்குள் நடக்கும் ஆதிக்கத்தைப் பற்றி இப்போது முன்பைவிட வெளிப்படையாகப் பேசப்படுகிறது. பாதிக்கப்பட்டவர் எங்கே போவது என்பதோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முதலில் பேச வேண்டியது அதுதான், ஐயமில்லை. ஆனால் அதன் பின்னால் இன்னொரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. வீட்டில் எல்லாரையும் நெரித்துக்கொண்டிருப்பது தான்தான் என்று ஒருவருக்குத் தாமதமாகவேனும் உறைத்தால், அவர் எங்கே போவார்?

உறைப்பது பொதுவாக எதையாவது இழந்த பிறகுதான். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் இரண்டு தீபாவளிக்கு வரவில்லை. மகள் தனக்குப் பிள்ளை பிறந்த செய்தியைச் சித்திக்குச் சொல்லிவிட்டுத் தாயாருக்குச் சொல்லாமல் விடுகிறாள். அன்றிரவு கைப்பேசியை எடுப்பவர் தேடுவது யாரும் பார்க்காத ஓர் இடத்தை. சிற்றூர் மருத்துவமனையில் மனநலப் பிரிவின் முன் உட்கார்ந்தால், எண்ணைக் கூப்பிடும் முன்பே செய்தி கோயில் கமிட்டி வரைக்கும் போய்விடும். இயங்கலை ஆலோசனைக்கு இருக்கும் ஈர்ப்பில் பாதி, அந்த வரிசையில் உட்கார வேண்டாம் என்பதுதான். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, திரையைப் பார்த்துப் பேசும் பழக்கத்தைத் தோட்டத்துப் பாட்டிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. ஆகவே வழி இருக்கிறது. அந்த வழி எவ்வளவு தூரம் அழைத்துப்போகும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அடக்கி ஆள்வது ஒரு நோயின் பெயர் அன்று. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 விழுக்காடாக, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு இருப்பதாகப் பதிவாகியது. அடக்குபவரை எண்ணுவதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. சிலரை ஆட்டிவைப்பது பயம். அப்பா குடித்துச் சீரழித்த வீட்டில் பத்து வயதிலேயே அரிசி பருப்புக் கணக்குப் பார்த்த பிள்ளை, நாற்பது வயதிலும் தான் கண்ணை மூடினால் வீடு கவிழ்ந்துவிடும் என்றே நம்பும். வேறு சிலருக்கு எல்லாமே தான் சொல்லும் ஒழுங்கில் இருந்தாக வேண்டும். துணி மடிப்பதிலிருந்து காரை நிறுத்துவது வரை வேறு வழியே கிடையாது. மூன்றாவது வகைதான் ஆபத்தானது. பயமோ படபடப்போ அவரிடம் இல்லை. வீடு தன் சொத்து, வீட்டிலிருப்பவர்களும் அதில் அடக்கம் என்ற உரிமை எண்ணம் மட்டுமே இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவின் டுலூத் நகரில், அடிவாங்கிய பெண்கள் சொன்னதை வைத்து ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். பணத்தை முடக்குவது, உறவுகளைத் துண்டிப்பது, பிள்ளைகளைக் கருவியாக்குவது என்று அதன் ஆரங்கள் ஒவ்வொன்றும் நடுவிலிருக்கும் அதிகாரத்தையே சுற்றி வரும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் படம் பயிற்சிகளில் பயன்படுகிறது. இந்த வகையினருக்குக் கோபத்தைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. குரலை உயர்த்தாமலே ஒரு வீட்டை நடுங்க வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

முதல் வகையினருக்கு ஆலோசனை நன்றாகவே பலன் தரக்கூடும். நடக்கும் முறையும் பெரிய மர்மம் இல்லை. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சையில், சின்னச் சின்ன வீட்டுப்பாடங்கள் உண்டு. மகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி. அதன்பிறகு மாலை 6 மணி வரை அவளை அழைக்கக் கூடாது. அந்த இடைவேளையில் என்ன பயம் வந்தது, பத்துக்கு எத்தனை வந்தது, கடைசியில் என்ன நடந்தது என்று எழுதிவைக்க வேண்டும். அடுத்த வாரம் இரவு 8 மணி வரை. என்ன நடக்குமோ தெரியாத நிலையைத் தாங்கிக்கொள்ளும் பயிற்சிதான் இது. உட்கார்ந்து பழங்கதை பேசிவிட்டு வருவது மட்டுமே கவுன்சலிங் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு, இந்த எழுத்து வேலை ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

இங்கேதான் மொழி வருகிறது. வேலையிடத்தில் மலாயில் பேசும் ஆள், சண்டையைத் தமிழில்தான் போடுகிறார். நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்குக் கோபப்பட அனுமதி உண்டு. பயப்பட அனுமதி கிடையாது. ஆகவே ஐம்பது வயது ஆடவர் தன் பயத்தையும் 'கோவம்' என்றே சொல்வார். அதை மலாய்க்கு மாற்றிச் சொல்லும்போது ஆலோசகர் காதில் கோபம் மட்டும் போய்ச் சேரும். அதற்குள் இருந்த பயம் வழியிலேயே விழுந்துவிடும். 'மானம் போச்சு', 'நாலு பேர் என்ன சொல்வான்' என்பதற்கெல்லாம் வேற்று மொழியில் அரை மணி நேரம் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். இயங்கலையின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான். தெலுக் இந்தானில் இருப்பவர், கிள்ளானில் இருக்கும் தமிழ் பேசும் ஆலோசகரைப் பஸ் ஏறாமல் பார்க்க முடியும். தமிழ் பேசும் பதிவு பெற்ற ஆலோசகர் பக்கத்திலேயே கிடைப்பது பல ஊர்களில் அரிது.

பதிவு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ், மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்று, நடைமுறைச் சான்றிதழும் வைத்திருப்பவர்தான் இங்கே ஆலோசகராகத் தொழில் செய்யலாம். அந்தச் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கேபி, பிஏ என்ற எழுத்துகளும் எண்களும் இருக்கும். வாரியத்தின் அகப்பக்கத்தில் பெயரைத் தேடியும் பார்க்கலாம். மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். முகநூலில் 'வாழ்க்கைப் பயிற்றுநர்' என்றும் 'ஆழ்மன நிபுணர்' என்றும் காணொலி போடுகிறவர்களில் பலர் இந்த இரண்டு சட்டங்களுக்கும் வெளியே நிற்பவர்கள். அவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தவறு நடந்தால் புகாரை வாங்கிக்கொள்ள ஒரு வாரியம் இருக்காது. சாமி பார்க்கப் போய், 'வீட்டுக்காரிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று கேட்டுவிட்டு வருகிற ஆளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லலாம்: குற்றம் அடுத்தவர்மேல் என்று சொல்லும் இடத்துக்குத்தான் அவர் மறுபடியும் போவார்.

வெளிநாட்டுச் செயலிகளின் விளம்பரம் கைப்பேசியில் நிறையவே வருகிறது. பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். அமெரிக்காவின் மிகப் பெரிய இயங்கலை ஆலோசனை நிறுவனங்களில் ஒன்றான பெட்டர்ஹெல்ப், வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியையும் மனநலக் கேள்வித்தாள் விவரங்களையும் விளம்பர நோக்கில் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023-இல் அந்த வழக்கு 78 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் கைப்பேசிக்குள் போகிறார்கள். ஆகவே அந்த வழக்கு இங்குள்ளவர்களுக்கும் உரியது. தவிர, வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்கு இங்குள்ள வாரியத்திடம் பொறுப்பில்லை. நள்ளிரவில் ஒரு வீட்டில் நிலைமை கைமீறினால் எந்த மாவட்ட சமூக நல இலாகாவை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரியாது.

பணம் அடுத்த தடை. தனியார் ஆலோசகரின் ஒரு மணி நேரத்துக்கு 150 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், மாதம் நான்கு முறைக்கு 600 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்கிருந்து மருத்துவமனை நிபுணரிடம் அனுப்பினால் 5 ரிங்கிட். சமூக நல இலாகாவிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. ஆக மலிவான வழி, ஆள் எதற்குப் பயந்தாரோ அந்த வரிசைக்கே திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டையும் கலந்து பயன்படுத்துவதில் தவறில்லை: முதல் இரண்டு முறை இயங்கலையில் பேசிக் கூச்சம் விட்ட பிறகு கிளினிக் பக்கம் போகலாம்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதும் சின்ன விஷயமில்லை. லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். மூன்று அறை பிளாட்டில் ஆறு பேர் இருந்தால் அதே கதைதான். காரை எங்காவது ஓரங்கட்டிவிட்டு அதற்குள் இருந்தே பேசுவதுதான் பலருக்குக் கைகொடுக்கும் வழி. இரவு வேலைக்குப் போகும் பாவலர், லாரி ஓட்டுநர் போன்றோர், கிடைக்கும் ஓய்வு நேரத்தைப் பார்த்து ஆலோசகரிடம் முன்கூட்டியே நேரம் பேசிக்கொள்ளலாம். லைன் கிடைக்காத தோட்டத்தில் படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று கேட்டாலும் நடக்கும்.

இவை எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இயங்கலை, அடக்கி ஆள்பவர் கையில் இன்னும் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுக்கிறது. யாரிடம் பேசுவது, எப்போது பேசுவது, கேமராவை எப்போது அணைப்பது என்பதெல்லாம் அவர் விருப்பம். சொல்லப்படுவது அவர் பக்கத்துக் கதை மட்டுமே. மூன்றாவது முறை ஆலோசகர் மறுத்துப் பேசினால், விரலால் தள்ளிவிட்டு வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம். நான்காவது ஆள் தலையாட்டுபவராக இருந்துவிட்டால் முடிந்தது கதை. அன்றைக்கே வீட்டில், "கவுன்சலரே சொல்லிட்டாரு, உன்கிட்டதான் பிரச்சினை" என்ற வசனம் கேட்கும். உதவி தேடிய இடமே புதிய ஆயுதமாகிவிடும். ஆகவே நல்ல ஆலோசகரை அடையாளம் காண ஓர் எளிய வழி, அவர் வீட்டிலுள்ள மற்றவர்களைப் பற்றி என்ன கேட்கிறார் என்று பார்ப்பது. அவர்கள் பயப்படுகிறார்களா, பணம் யார் கையில், எப்போதாவது கை ஓங்கியதுண்டா என்று முதல் இரண்டு சந்திப்புக்குள் கேட்காதவர், இந்தப் பிரச்சினைக்கு ஏற்றவர் இல்லை.

கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டில் கூட்டு ஆலோசனை முதல் படியாக இருக்கக் கூடாது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சந்திப்பில் உண்மையைச் சொன்னவர், அதே வீட்டில்தான் இரவு தூங்க வேண்டும். நேரில் போனால் ஆலோசகர் ஒருவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவரிடம் தனியாகக் கேட்க முடியும். திரையில், கைப்பேசிக்குப் பின்னால் யார் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நம் குடும்பங்களில் பெரியவர்கள் கூடி, 'ரெண்டு பேரையும் சேத்து வச்சுப் பேசி விடுவோம்' என்று சொல்வது எவ்வளவு நல்ல எண்ணத்தில் வந்தாலும், இந்த இடத்தில் அது தவறான யோசனை.

சட்டம் எதுவரை வருகிறது? 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், 2012-இல் செய்த திருத்தம் மனரீதியான துன்புறுத்தலையும் வன்முறை என்று ஏற்றுக்கொண்டது. 2017-இல் செய்த திருத்தத்தால், சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடிகிறது. 2023 மே 31 முதல், ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் பிரிட்டன் 2015-இல் செய்ததுபோல, குடும்பத்துக்குள் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி வைப்பதையே தனிக் குற்றமாக்கும் பிரிவு இங்கே இல்லை. மிரட்டல் இல்லை, அடி இல்லை. சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, புலனத்தைத் தினமும் சோதிக்கிறார், அவ்வளவுதான் என்றால், போலீஸ் நிலையத்தில் அதைப் புகாராக்குவது எளிதன்று. அந்த இடைவெளியில் விழுபவர்கள், வீட்டிலிருப்பவர் தானாக உணர்ந்து மாறுவார் என்று காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்புக்கு ஓர் அளவு வேண்டும். அவர் ஆலோசனைக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்பது, வீடு பாதுகாப்பாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பார்க்க வேண்டியது அட்டையும் கடவுச்சொல்லும் திரும்பி வந்தனவா என்பதை. மன்னிப்பு எத்தனை முறை கேட்டார் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உதவி தேவைப்படுவோர் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம். மனநல நெருக்கடிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் 15555, மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. 1982 முதல் இயங்கிவரும் மகளிர் உதவி அமைப்பான டபிள்யூஏஓவின் எண் 03-3000 8858. தமிழில் பேச வேண்டும் என்றால் அழைப்பின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.