மெனு அட்டையில் யாருடைய வட்டாரம்?

சென்னை போன்ற பெருநகரங்களில் 'மண்ணின் சுவை' என்ற பெயரில் உயர்தர வட்டார உணவகங்கள் பெருகியுள்ளன. செட்டிநாடு, கொங்குநாடு, மதுரை என அவற்றின் மெனு அட்டைகள் ஊர்களை அடுக்குகின்றன. அந்தக் குழம்புகளுக்கு இன்றியமையாத சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று பெரம்பலூர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும், அண்டை மாவட்டமான அரியலூரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். வெங்காயம் நகரத்துத் தட்டை அடைகிறது. அதற்குக் களையெடுத்த கூலிப் பெண்ணின் அடுப்படி அடைவதில்லை.

உணவகத்திற்குள் நுழையும் உரிமையே போராடிப் பெற்றதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 15(2), 17 ஆகிய பிரிவுகளும், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் அதனை உறுதி செய்தன. ஆயினும் கிராமத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்தது. கதவு திறந்த பின்னரும் எஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: உள்ளே எது 'நம் உணவு' என்று ஏற்கப்படுகிறது?

2022 மே மாதம் ஆம்பூரில் இக்கேள்வி வெளிப்படையாக எழுந்தது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில், அவ்வூரில் அன்றாடம் விற்கப்படும் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமளிக்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இவ்விலக்கைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மெனுவும் தீண்டாமையின் களமாகலாம் என்பதை அந்த அறிவிப்பு உணர்த்தியது.

'வறுமை தந்த உணவைப் பெருமையாக்கலாமா?' என்று நம்மவர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மராத்திய எழுத்தாளர் சாகு பட்டோலே, மராத்வாடா தலித் சமையலைப் பதிவு செய்த தம் நூலில், சாதி எதை மறுத்தது, எதை மட்டும் விட்டுவைத்தது என்பதையும் சேர்த்தே எழுதினார். நாம் வேண்டுவதும் அதுவே: உப்புக்கண்டத்தையும் குடல்கறியையும் அலங்காரமாக்குவதன்று, அவற்றின் வரலாற்றை மறைக்காதிருப்பது.

தனியார் உணவகம் தன் மெனுவைத் தானே தீர்மானிக்கலாம். ஆனால் ஒரு சில சாதிகளின் சமையலை மட்டும் பரிமாறிவிட்டு, வட்டாரம் முழுவதன் பெயரையும் சூட்டிக்கொள்வதை நாம் கேள்விக்குட்படுத்தலாம். அரசுக்கோ அந்தத் தெரிவுரிமை இல்லை. மக்கள் பணத்தில் நடைபெறும் உணவுத் திருவிழாவில் ஒரு பகுதி மக்களின் உணவை விலக்குவது சுவை பற்றிய முடிவன்று. அது சமத்துவத்தை மீறும் நிர்வாக முடிவு. அடுத்த விழா அறிவிக்கப்படும்போது, மெனு வெளியாகும் முன்பே இதனைக் கேட்போம்.